பத்திலிருந்து பதினொன்று வரை செலினாவின் நேரம்

அனுப்புநர்
அருள்செல்வி (வயது 34),
க/பெ. அலெக்ஸ்,
கதவு எண் 17, மில் தொழிலாளர் குடியிருப்பு,
செங்குளம் விலக்கு,
இராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் சாலை,
விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்
ஓடுதளப் பொறுப்பு அலுவலர் அவர்கள்,
முள்ளிக்காடு விமானப் பயிற்சி ஓடுதளம்,
விருதுநகர் மாவட்டம்.

பொருள்: பயிற்சி விமானங்களின் இரைச்சல் – செங்குளம் விலக்கு குடியிருப்பின் மேல் காலை 10 மணி முதல் 11 மணி வரை பறப்பதைத் தவிர்க்கக் கோருதல் – 11 மணிக்கு மேல் வழக்கம்போல் பறக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. கடந்த 09.07.2025 அன்று கதவு எண் 18, வெள்ளத்தாய் வீட்டு மொட்டை மாடியில் காட்டப்பட்ட சிவப்புத் துணி.
2. அதே நாளில் தங்கள் மேற்பார்வையாளர் திரு. தங்கப்பாண்டியன் எங்கள் வீட்டு வாசலில் வாய்மொழியாகக் கூறிய அறிவுரை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். தங்கள் ஓடுதளம் நல்லபடியாக நடந்துவருவதை நாங்கள் யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஆறு நாளும் எங்கள் கூரைத் தகரமே சொல்லிவிடுகிறது. இந்த மனுவை நானே என் கைப்பட எழுதுகிறேன். தாலுகா அலுவலகத்தின் முன்னால் மனு எழுதித் தருபவரிடம் போகலாம் என்று என் கணவர் சொன்னார். அவர் எழுதினால் "பணிந்து" என்ற சொல் ஏழு இடத்தில் வரும், விஷயம் ஓர் இடத்திலும் வராது. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். தமிழில் நல்ல மதிப்பெண் எடுத்தவள். ஆகையால் நீளமாக இருந்தாலும் கடைசிவரை படிக்க வேண்டுகிறேன்.

2. எங்கள் குடியிருப்பில் அறுபத்திரண்டு வீடுகள் உள்ளன. விமான இரைச்சல் பற்றி இதுவரை ஒருவரும் தங்களிடம் புகார் செய்யவில்லை என்று திரு. தங்கப்பாண்டியன் பெருமையாகச் சொன்னார். உண்மைதான். அதற்குக் காரணம் இரைச்சல் குறைவாக இருப்பதல்ல. எங்களுக்குக் காது குறைவாக இருப்பது. இங்குள்ளவர்களில் பாதிக்கு மேல் நூற்பு மில்லில் பதினைந்து, இருபது வருடம் ரிங் பிரேம் என்னும் நூற்பு மிஷின்களுக்கு நடுவே நடந்தவர்கள். ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒன்றாகச் சுற்றும் கூடத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருபவர்களுக்கு ஒரு பயிற்சி விமானம் எந்த மூலைக்கு? பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் அக்காவிடம் நான் முதன்முதலில் குறைபட்டுக்கொண்டபோது, "பிளேனா? எங்கட்டி?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவர் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் தானாக நகர்வதைக் காட்டிய பிறகுதான் நம்பினார். அதுவரை எலி என்று நினைத்திருந்தாராம்.

3. இந்த இடத்தில் எங்கள் பழக்கம் ஒன்றைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் என் குறை தங்களுக்குப் புரியாது. மில்லுக்குள் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் கேட்காது. தரையை உதைப்போம், கையை வீசுவோம், தோளைத் தொடுவோம். பிறகு உதட்டைப் பார்த்துப் பேசிக்கொள்வோம். இரண்டு விரலைக் கத்தரிபோல் வெட்டிக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது. உள்ளங்கையை நீட்டினால் மிஷினை நிறுத்து. கையைத் தலைக்கு மேல் வட்டமாகச் சுற்றினால் ஓடட்டும், நிறுத்தாதே. கட்டைவிரலை வாயருகே கொண்டுபோனால் டீ. பதினான்கு வருடமாக நான் சைடராக ரிங் பிரேம் பார்க்கிறேன், அறுந்த நூலைப் பிடித்து ஒட்டும் வேலை. என் கணவர் அதே மில்லில் ஃபிட்டர். நாங்கள் ஒருவரையொருவர் விரும்பியதும் கல்யாணம் பேசியதும் முதல் சண்டை போட்டதும் எல்லாம் இந்தக் கைஜாடையில்தான். வீட்டுக்கு வந்த பிறகும் இந்தப் பழக்கம் எங்களை விட்டதில்லை. அடுப்படியிலிருந்து தரையை உதைத்தால் அவர் வாசலிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

4. எங்களுக்குத் திருமணமாகி ஏழு வருடம் கழித்து, 2022 மே மாதம், செலினா பிறந்தாள். அவள் ஒரு வயதிலேயே வெகு கெட்டிக்காரியாக இருந்தாள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். தரையை உதைத்தால் திரும்புவாள். கையை வீசினால் தவழ்ந்து வருவாள். ஒன்றரை வயதில் ஒருநாள் இடியாப்பம் ஊட்டிக்கொண்டிருந்தபோது இழை பாதியில் அறுந்துவிட்டது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்து இரண்டு விரலைக் கத்தரிபோல் வெட்டிக் காட்டினாள். அன்றைக்கு எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளத்தாய் அக்கா தெருவெல்லாம் போய், "எலே, அலெக்சு மக நூலு அந்துபோச்சுங்கா! பிறவிலேயே சைடரு!" என்று சொல்லிவந்தார். அடுத்த ஒரு வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் இடியாப்பத்தோடு வந்தார்கள்.

5. ஐயா, அந்தப் பிள்ளைக்குப் பிறந்த நாளிலிருந்து காது கேட்கவில்லை. வேறு எந்த வீட்டில் பிறந்திருந்தாலும் ஆறே மாதத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் பிறந்ததால் இரண்டு வருடம் ஆயிற்று. சத்தம் போட்டுக் கூப்பிடாத வீட்டில், திரும்பாத பிள்ளை என்று ஒன்று இருக்க முடியாது அல்லவா? இந்தத் தவறு யாருடையது என்று நான் பல நாள் அழுதிருக்கிறேன். அந்தக் கணக்கு இந்த மனுவுக்குத் தேவையில்லை.

6. கண்டுபிடித்தவர் அங்கன்வாடிப் பணியாளர் பாண்டிசெல்வி. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும்போது அவர் கையிலிருந்த எவர்சில்வர் தட்டுகள் அவர்களுக்குப் பின்னால் மொத்தமாகச் சரிந்து விழுந்தன. பதினோரு பிள்ளைகள் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார்கள். செலினா மட்டும் முட்டையைத் தின்றுகொண்டிருந்தாள். பாண்டிசெல்வி அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்து, "ஏட்டி அருளு, கோவப்படாத. ஒம்பிள்ளைக்குக் காது கேக்கலன்னு நெனைக்கேன். நாளைக்கே ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். நான் கோபப்படத்தான் செய்தேன். மறுநாள் கூட்டிக்கொண்டும் போனேன். அவர் இன்று எங்கள் குடும்பத்தில் ஒருவர். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் முதல் சேலை அவருக்குத்தான்.

7. அதன்பின் நடந்ததெல்லாம் நல்லவையே. அரசு காப்பீட்டுத் திட்டத்தில் மதுரையில் செலினாவுக்கு உள்காதில் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை நடந்தது. காதுக்குப் பின்னால் மாட்டும் சிறு கருவியும், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வட்டமும் அவளுக்கு இருக்கின்றன. அவளுடையது நீல நிறம். தெருப் பிள்ளைகள் எல்லோரும் தங்களுக்கும் அதுபோல ஒன்று வேண்டும் என்று இன்றுவரை அழுதுகொண்டிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் கருவியை இயக்கிவிட்டார்கள். இயக்கிய அன்று அவள் எதற்கும் திரும்பவில்லை. மறுநாளும் இல்லை. மணி அடித்தோம், கரண்டியால் தட்டினோம், என் கணவர் மீன் வண்டிக்காரரைப் போலக் கத்திக்கூடப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பழகச் சில நாள் ஆகும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தாலும், எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

8. ஒன்பதாம் நாள் காலை அவள் வாசலில் உட்கார்ந்து மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் தங்கள் ஓடுதளத்திலிருந்து நாளைக்கு இரண்டு மூன்று விமானம்தான் கிளம்பும். கண்மாய்ப் பக்கமிருந்து ஒன்று வந்தது. செலினா கையை மண்ணிலிருந்து எடுத்தாள். மெதுவாகத் தலையைத் தூக்கினாள். அது எங்கள் வீட்டைத் தாண்டி மலைப்பக்கம் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

ஐயா, என் மகள் இந்த உலகத்தில் முதன்முதலாகக் கேட்ட சத்தம் தங்கள் விமானத்தின் சத்தம். அதை ஓட்டியவர் யார் என்று எனக்குத் தெரியாது. தங்கள் பதிவேட்டில் 25.12.2024 காலை ஒன்பதேமுக்கால் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றியைத் தெரிவிக்க வேண்டுகிறேன். கிறிஸ்துமஸ் அன்றுகூட விமானம் ஓட்ட வைத்தார்களே என்று அவர் சலித்துக்கொண்டிருக்கலாம். அன்று எங்கள் தெரு முழுவதும் அவருக்காகக் கேக் வெட்டியது.

9. இப்படிப்பட்ட நான் தங்கள் விமானத்தின் மேல் புகார் எழுதுவதற்கு என்ன வந்தது என்று தாங்கள் கேட்கலாம். வந்தது கடந்த ஜூன் மாதம். புதிய மாணவர் குழு சேர்ந்த பிறகு நான்கு விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி, எங்கள் குடியிருப்பின் மேல் திரும்பி, இறங்கி, மறுபடி ஏறுகின்றன. காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை, ஒரு நாளைக்கு முப்பத்தெட்டுச் சுற்று. நாங்கள் எண்ணினோம். சுற்றுகளை எண்ணுவது மில்காரர்களுக்குக் கைவந்த வேலை, அதில் தங்களுக்குச் சந்தேகம் வேண்டாம்.

10. செலினாவுக்குக் கருவி மட்டும் போதாது. கேட்கும் சத்தத்தைச் சொல்லாகப் பிரித்துப் பார்க்க அவள் படிக்க வேண்டும். அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பேச்சுப் பயிற்சியாளர் ஆனந்தவல்லி அவர்களிடம் வாரம் இருமுறை போகிறோம். மற்ற நாள்களில் வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் நாங்களே பயிற்சி கொடுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர் வைத்த சட்டங்கள் வருமாறு. மின்விசிறி ஓடக்கூடாது. குக்கர் விசிலடிக்கக் கூடாது. பிள்ளைக்கு எதிரில் உட்காரக் கூடாது, பக்கத்தில் உட்கார வேண்டும், உதட்டைக் காட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கைஜாடை அறவே கூடாது. "இவ கண்ணாலயே எல்லாத்தையும் புடிச்சிருதா. கண்ணுக்கு வேலை குடுக்காதிய. காதுக்குக் குடுங்க" என்று அவர் சொன்னார்.

11. இதில் மின்விசிறியையும் குக்கரையும் நிறுத்துவது எளிதாக இருந்தது. எங்கள் கைகளை நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. நான் "பந்து" என்று வாயால் சொல்வதற்குள் கை தானாக உருண்டைபிடித்துக் காட்டிவிடும். என் கணவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துதான் பாடம் நடத்துகிறார். வெள்ளத்தாய் அக்கா ஆசையாக வந்தால் அவர் கைகளை அவர் சேலை முந்தானையாலேயே கட்டிவிடுகிறோம். கட்டிய பிறகு அவருக்குப் பேச்சே வரவில்லை. ஒருநாள் ஒரு முழு நிமிடம் வாயைத் திறந்தபடி யோசித்துவிட்டு, "கையில்லாம எப்பிடிட்டி பேசுறது?" என்றார். செலினா விழுந்து விழுந்து சிரித்தாள். பயிற்சிக் குறிப்பேட்டில் அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

12. அந்த ஒரு மணி நேரம் ஏன் பத்திலிருந்து பதினொன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று தாங்கள் கேட்பதும் நியாயமே. என் வேலை மாலை நான்கு மணியிலிருந்து இரவு பன்னிரண்டு வரை. மூன்றேகாலுக்கு மில் வேன் விலக்குக்கு வந்துவிடும். காலையில் குடிதண்ணீர் வரும், சமையல் இருக்கும், துணி இருக்கும். பன்னிரண்டு மணிக்கு மேல் செலினா தூங்கிவிடுவாள். அவளும் நானும் இருவருமே முழுதாக விழித்திருந்து, வேறு வேலை இல்லாமல் உட்காரக் கிடைப்பது பத்திலிருந்து பதினொன்று மட்டுமே. வேறு இடங்களும் பார்த்துவிட்டோம். வெள்ளத்தாய் வீட்டில் உட்கார்ந்தோம், டம்ளர்கள் நகர்ந்தன. தேவாலயத்தில் இடம் கேட்டோம், ஊழியர் மனமுவந்து கொடுத்தார், ஆனால் அதுவும் தங்கள் சுற்றுக்குள்தான் இருக்கிறது. கிருஷ்ணன்கோவில் வரை பேருந்தில் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். கல்லூரிப் பேருந்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்று ஹாரன் அடித்தன. செலினா அன்று கற்றுக்கொண்டது ஹாரன் மட்டுமே. அதை மூன்று நாள் ஓயாமல் அடித்துக்காட்டினாள்.

13. பயிற்சியின் தொடக்கத்தில் தினமும் ஆறு ஒலிகளை அவள் பின்னால் இருந்து சொல்ல வேண்டும். ஆ, ஈ, ஊ, ஸ், ஷ், ம். ஒவ்வொன்றையும் கேட்டதும் அவள் டப்பாவில் ஒரு புளியங்கொட்டையைப் போட வேண்டும். ஜூன் மாதத்துக்கு முன்பு ஆறு கொட்டையும் விழுந்துகொண்டிருந்தன. ஜூனுக்குப் பிறகு ஐந்து விழுந்தன, பிறகு நாலு. கடைசி பதினெட்டுப் பயிற்சி நாளில் 'ம்' ஒருநாள்கூட விழவில்லை. 'ம்' என்பது தாழ்ந்த சத்தமாம், விமானத்தின் சத்தமும் தாழ்ந்ததாம், இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று அமுங்கிவிடும் என்று ஆனந்தவல்லி அவர்கள் விளக்கினார். இந்த வயதில் விட்டதைப் பிறகு பிடிப்பது கடினம் என்றும் சொன்னார். குறிப்பேட்டின் அந்தப் பக்கங்களின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

14. இனி, பார்வை ஒன்றில் கண்ட சிவப்புத் துணி பற்றிய உண்மையை ஒப்புக்கொள்கிறேன். மில்லில் ஃபிட்டர் ஒரு மிஷினில் வேலை செய்துகொண்டிருந்தால் அதில் சிவப்புக் கொடி கட்டுவார்கள். கொடி இருக்கும்வரை மேலாளரே வந்தாலும் ஸ்விட்சைத் தொடமாட்டார். செங்குளம் விலக்கில் இதைத் தெரியாதவர்கள் இல்லை. ஆகையால் 09.07.2025 காலை பத்தேகாலுக்கு, ஐந்தாவது தடவையாக விமானம் தலைக்கு மேல் போனபோது, எனக்குத் தோன்றியதெல்லாம் இதுதான்: சிவப்பைக் காட்டினால் நிறுத்திவிடுவார்கள். வெள்ளத்தாய் அக்கா உடனே தம் வீட்டில் துணி காயும் கொடியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். பார்வையில் அதைத் 'துணி' என்று நாகரிகமாகக் குறித்திருக்கிறேன், தாங்களும் அவ்வாறே வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இருவருமாக மாடியில் நின்று வீசினோம்.

15. ஆகாயத்தில் சிவப்புக்கு வேறு அர்த்தம் என்பது எங்களுக்குத் தெரியாது. போன விமானம் திரும்பி வந்தது. இன்னும் தாழ்வாக வந்தது. மூன்று தடவை எங்கள் தலையைச் சுற்றியது. அதைப் பார்த்து நாங்கள் இன்னும் வேகமாக வீசினோம். அது பார்த்துவிட்டு இன்னும் தாழ்வாக வந்தது. கால் மணி நேரத்தில் இராஜபாளையத்திலிருந்து தீயணைப்பு வண்டியும், அதன் பின்னால் ஆம்புலன்சும், அதன் பின்னால் தங்கள் ஜீப்பும் வந்து நின்றன. தீ எங்கே என்று கேட்டவர்களுக்கு நாங்கள் செலினாவின் புளியங்கொட்டை டப்பாவைக் காட்டினோம். தீயணைப்பு வீரர்கள் மிகவும் நல்லவர்கள். டீ குடித்துவிட்டுச் செலினாவுக்கு மணியை ஒருமுறை அடித்துக் காட்டிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு வீண் அலைச்சல் கொடுத்ததற்கு இதன்மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

16. ஜீப்பில் திரு. தங்கப்பாண்டியனுடன் அந்த விமானத்தை ஓட்டிய பயிற்சி மாணவியும் வந்திருந்தார். தேவதானத்து விவசாயி வீட்டுப் பெண். எங்களுக்கு ஏதோ ஆபத்து என்று பயந்து கண் கலங்கியிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் செலினாவின் நீலக் கருவியை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அக்கா, நாங்க வேணும்னு இங்கன திரும்பல. இடப்பக்கமாத் திரும்புன்னு சொல்லுதாவ, திரும்புதோம். வலப்பக்கமாச் சொன்னா கண்மாய் மேலதான் போவோம். அங்கன ஆளே கெடையாது" என்றார். திரு. தங்கப்பாண்டியன் அவரைப் பேசவிடாமல் இருமினார். பின்பு என்னிடம், "எதுன்னாலும் எழுத்தா குடுங்கம்மா. துணியை வீசினா ஃபைல் பண்ண முடியாதுல்லா" என்றார். அவருடைய அந்த அறிவுரையின்படியே இந்த மனு எழுதப்படுகிறது.

17. இருபது நாளாக எழுதாமல் இருந்தது என் சோம்பேறித்தனம். எழுத வைத்தது கடந்த செவ்வாய்க்கிழமை, ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு மறுநாள், 29.07.2025. முந்தைய நாள் வெள்ளத்தாய் அக்காவோடு போய்த் தேர் பார்த்துவிட்டு வந்த களிப்பில் செலினா இருந்தாள். மேளச் சத்தம் இன்னும் அவள் தலையாட்டலில் இருந்தது. பத்தரை மணிக்குச் சட்டப்படி அவளுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். விமானம் வந்தது. கூரை அதிர்ந்தது. எரிச்சலில் சட்டத்தை மீறித் திரும்பினேன். செலினா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறந்தது, உதடுகள் ஒட்டின, மறுபடி திறந்தது.

பதினான்கு வருடம் ரிங் பிரேம் சத்தத்துக்கு நடுவே உதட்டைப் பார்த்துப் பேசியவள் நான். எனக்கு அதில் தப்பு வராது. அவள் 'அம்மா' என்றாள். ஐயா, என் மகள் என்னை முதன்முதலாகக் கூப்பிட்டதை நான் பார்த்தேன். கேட்கவில்லை. விமானம் போன பிறகு எத்தனையோ முறை கேட்டும் அவள் மறுபடி சொல்லவில்லை. சிரித்துவிட்டுப் புளியங்கொட்டையை எடுத்து எண்ணத் தொடங்கிவிட்டாள். அன்று நான் வேலைக்குப் போய் எட்டு மணி நேரமும் சிரித்த முகத்தோடு நடந்ததாகச் சொன்னார்கள். அழுதுகொண்டு நடந்ததாகவும் சிலர் சொன்னார்கள். இரண்டும் சரியாகவே இருக்கும்.

18. ஆகவே என் கோரிக்கைகள்:

(அ) திங்கள் முதல் சனி வரை காலை 10 மணி முதல் 11 மணி வரை பயிற்சி விமானங்கள் வலப்பக்கமாகத் திரும்பி, செங்குளம் கண்மாய் மேல் சுற்ற ஆணையிட வேண்டுகிறேன். அங்கே இருப்பவை கொக்குகள் மட்டுமே. அவற்றுக்கு ஆட்சேபணை இருந்தால் அவையே தனியாக மனு கொடுக்கட்டும்.

(ஆ) வலப்பக்கம் திரும்புவதில் காற்று, பாதுகாப்பு போன்ற தடைகள் இருக்கும் நாள்களில், முதல்நாளே எங்களுக்குத் தெரிவித்தால் போதும். அன்று நாங்கள் பாடத்துக்கு வேறு இடம் பார்த்துக்கொள்வோம். சண்டைக்கு வரமாட்டோம்.

(இ) விமானங்களை அறவே நிறுத்திவிட வேண்டாம் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். பதினோரு மணி அடித்ததும் ஒன்று எங்கள் வீட்டின் மேல் வழக்கம்போல் வரட்டும். பாடம் முடிந்ததும் செலினா வாசலுக்கு ஓடி அதற்காகக் காத்திருப்பாள். இப்போது இந்தத் தெருவில் விமானம் வருவதை முதலில் கேட்பவள் அவள்தான். அவள் விரல் நீட்டிய பிறகு நாங்கள் நிமிர்ந்து பார்த்தால் சற்று நேரம் கழித்துத்தான் எங்களுக்கு அந்தச் சத்தம் விழும். அறுபத்திரண்டு வீட்டில் நல்ல காது இப்போது அவளுக்குத்தான் இருக்கிறது என்று தெரு முழுவதும் பேச்சு. அந்தப் பெருமையை அவளிடமிருந்து பறித்துவிட வேண்டாம்.

19. என் மகள் அடுத்த முறை கூப்பிடும்போது எனக்குக் கேட்க வேண்டும். அதற்கு நாளைக்கு ஒரு மணி நேரம் தங்கள் கையில் இருக்கிறது. விரைவில் நல்ல உத்தரவு வரும் என்று நம்பி, அதை எங்கள் தெருவுக்குக் கைஜாடையில் அல்ல, வாயாலேயே சொல்லக் காத்திருக்கிறேன்.

இடம்: செங்குளம் விலக்கு
நாள்: 02.08.2025, சனிக்கிழமை

இப்படிக்கு,
தங்கள் ஓடுதளத்தின் நலம் விரும்பும்,
அருள்செல்வி

இணைப்பு: பயிற்சிக் குறிப்பேட்டின் பக்க நகல்கள் – 6. குடியிருப்போர் ஆதரவுக் கையெழுத்துகள் – 62 வீடுகள். (வெள்ளத்தாய் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒன்றைக் கழித்துக்கொள்ளவும்.)

பின்குறிப்பு, 03.08.2025, ஞாயிற்றுக்கிழமை:

ஐயா, இந்த மனுவை உறையிலிட்டு ஒட்டியிருந்தேன். இதைச் சேர்ப்பதற்காகப் பிரித்திருக்கிறேன். உறை கசங்கியிருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும்.

இன்று தங்கள் ஓடுதளத்துக்கு விடுமுறை. ஆலயத்துக்குப் போய்விட்டு வந்து, கோழிக்குழம்புக்கு மசாலா வறுத்துக்கொண்டிருந்தேன். செலினா எனக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து டப்பாவோடு விளையாடிக்கொண்டிருந்தாள். என் கணவர் எனக்கு எதிரே, பின்வாசல் படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். வானத்தில் ஒன்றும் இல்லை.

அப்போது பின்னாலிருந்து 'அம்மா' என்று கேட்டது. 'அ' கொஞ்சம் குறைவாகவும் 'ம்' மிகத் தாராளமாகவும் இருந்தது. கேட்டது, ஐயா. காதில் விழுந்தது.

நான் திரும்பப் போனேன். எதிரே என் கணவர் பூண்டைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தலைக்கு மேல் வட்டமாகச் சுற்றினார். ஓடட்டும், நிறுத்தாதே என்று அர்த்தம். புரிந்துகொண்டேன். நான் திரும்பினால் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். கண்ணுக்கு வேலை வந்துவிடும். காதுக்கும் வாய்க்கும் வேலை போய்விடும். ஆகவே நான் திரும்பவில்லை. பெற்ற பிள்ளை கூப்பிடக் கூப்பிட, அடுப்பைப் பார்த்து நின்றேன். என் கணவர் கையைச் சுற்றிக்கொண்டே இருந்தார், அவர் முகமெல்லாம் நனைந்திருந்தது. அவள் ஏழு தடவை கூப்பிட்டாள். ஏழாவது தடவை நல்ல கோபத்தோடு கூப்பிட்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை, திரும்பிவிட்டேன்.

மசாலா மொத்தமும் கருகிவிட்டது. தெரு முழுவதும் புகை பார்த்து ஓடி வந்தது. தீயணைப்பு வண்டியைக் கூப்பிடாமல் தடுத்துவிட்டோம்.

இதனால் என் கோரிக்கைகளில் மாற்றம் எதுவும் இல்லை. நாளை திங்கட்கிழமை. பத்து மணிக்கு நானும் அவளும் சுவரைப் பார்த்து உட்காருவோம். அவள் எட்டாவது தடவை கூப்பிடுவாள்.

அருள்செல்வி,
செலினாவின் அம்மா.